சர்வர் செல்லையாவுக்கு நாம் செய்தது

செல்லையா இறந்துபோன செய்தி எனக்கு ஆபீசில் வைத்துக் கிடைத்தது. கொழும்புக்குப் புறப்படவிருந்த தோணி ஒன்றை ஓட்டிப்போகிற தலைவரான தண்டல், சரக்குக் காகிதங்களில் முத்திரை வாங்குவதற்காக என் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் முத்திரை குத்திக்கொண்டிருக்கையில் பேச்சோடு பேச்சாக, "திரேஸ்புரத்து டீக்கடைச் செல்லையா தவறிப்போனாரு சார். நாலு நாள் காய்ச்சல். நேத்துக் காலையிலதான் எடுத்தாவ" என்றார்.

நான் அடுத்த காகிதத்தில் முத்திரை குத்தினேன். அதற்கடுத்ததிலும் குத்தினேன். அப்போது என் மனசில் முதலில் வந்தது துக்கம் என்று சொல்லிவிட்டால் இந்தக் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். முதலில் வந்தது ஒரு நிம்மதி. இனிமேல் அவரிடம் அந்த விஷயத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி. அது வந்து போன பிறகுதான் துக்கம் வந்தது. கூடவே, அப்படியொரு நிம்மதி வந்துவிட்டதே என்ற வெட்கமும் வந்தது.

நம் குமாஸ்தாக்கள் சங்கத்து ஆண்டு மலருக்குச் செல்லையாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று காரியதரிசி கேட்டார். "உங்களோடுதானே அவர் ரொம்ப நெருக்கம்" என்றும் சொன்னார். நெருக்கம்தான். அதைச் சொல்லத்தான் போகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. நம்மில் பலர் பத்து வருஷம் அவர் கையால் சாப்பிட்டவர்கள். ஆகையால் இதில் வருகிற தவறில் பெரும்பங்கு என்னுடையதென்றாலும், கொஞ்சம் உங்களுக்கும் சேரும்.

புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். கடற்கரைச் சாலையில் பருத்தி மூட்டைகள் அடுக்குகிற கிட்டங்கிகளைத் தாண்டி ஒரு காபி கிளப் இருந்தது. இப்போது கைமாறி வேறு பெயரில் நடக்கிறது. கப்பல் கம்பெனி ஆட்கள், சுங்க ஆபீஸ்காரர்கள், தோணிக்காரர்கள், சங்குக்குளி நாட்களில் சங்கு ஏலத்துக்கு வருகிற வியாபாரிகள் எல்லோருக்கும் காலையில் காபி, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் டிபன் அங்கேதான். அந்தக் கிளப்பில் மூன்று சர்வர்கள். மூத்தவர் செல்லையா. விளாத்திகுளத்துக்கு வடக்கே ஒரு கரிசல் கிராமம். தொடர்ந்து மழை பொய்த்த சமயம், பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். நெட்டையான ஆள். கையில் ஒரே சமயத்தில் ஆறு டவரா டம்ளர் தாங்குவார். ஆர்டரை உரக்கக் கூவுகிற வழக்கம் அவருக்கு இல்லை. உள்ளே நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு இட்லி மட்டும் சொல்லுதவங்க இருப்பாவ சார், அத ஏன் ஊருக்குச் சொல்லணும்" என்றார்.

அந்த ஒரு இட்லிக்காரர்களில் நானும் ஒருவன். மாதக் கடைசியில் ஒரு இட்லியும் அரைக் காபியுமாக ஒப்பேற்றுவேன். அந்த நாட்களில் சாம்பார் வாளி என் இலைக்கு இரண்டு முறை வரும். நான் நிமிர்ந்து பார்க்கும்போது அவர் அடுத்த மேஜைக்குப் போயிருப்பார். "பசிச்சு வாரவங்க மூஞ்சியப் பாக்கப்படாது, இலையத்தான் பாக்கணும்" என்று ஒருநாள் புதிதாக வந்த சர்வரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. எனக்காகத்தான் சொல்கிறாரோ என்று அன்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இன்று நினைத்தால் அதுவும் ஒரு கூச்சமா என்றிருக்கிறது.

எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது மணியார்டரால். செல்லையாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எழுதத் தெரியாது. மாதம் ஒரு தடவை மணியார்டர் பாரத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரம் முடிந்து கிளப் ஓய்ந்திருக்கும்போது என் மேஜைக்கு வருவார். நான் நிரப்பிக் கொடுப்பேன். அடியிலுள்ள சின்னத் துண்டில் எழுத இரண்டு வரி இடம் இருக்கும். ஒவ்வொரு மாதமும் ஒரே விஷயத்தைத்தான் எழுதச் சொல்வார்: பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு நிறுத்தாமல் அனுப்பவும். மகள் பக்கத்து ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளே அந்தத் துண்டைத் தாய்க்கு வாசித்துக் காட்டுகிறாள் என்பதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். "அவளைப் பத்தி எழுதுததை அவளே வாசிக்கா சார்" என்பார்.

மூன்று வருஷம் அந்தப் பாரத்தை நான் நிரப்பியிருக்கிறேன். பதினைந்து ரூபாய், பதினாறு ரூபாய், சில மாதம் பதினெட்டு. இந்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறைகூட நான் யோசிக்கவில்லை. கிளப்பில் அவருக்குச் சம்பளம் எட்டு ரூபாய். இரண்டு வேளைச் சாப்பாடும் மாடியில் படுத்துக்கொள்ள இடமும் உண்டு. மிச்சமெல்லாம் இனாம். நாம் எழுந்து போகும்போது டவராவுக்கடியில் வைத்துப்போகிற காலணா, அரையணா. கப்பல்காரர்கள் வந்தால் நாலணாவும் எட்டணாவும் கிடைக்கும். அதிலும் அவர் தனக்கென்று முழுவதையும் வைத்துக்கொள்வதில்லை. மாவாட்டுகிறவருக்கும் மேஜை துடைக்கிறவருக்கும் தினமும் ஒரு பங்கு கொடுத்துவிடுவார். இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. காரியம் கெட்ட பிறகு.

யுத்தத்தின் நாலாவது வருஷம் நம் சங்கத்துக்கு நல்ல வருஷம். அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. நாம் பஞ்சப்படி கேட்டு மனு மேல் மனுவாகப் போட்டோம். ஊர்வலம் போனோம். கடைசியில் கம்பெனிகள் இறங்கிவந்து பஞ்சப்படி கொடுத்தன. அந்த மனுக்களை எழுதியவன் நான். என் எழுத்துக்குத்தான் கம்பெனிகள் மசிந்தன என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள், நானும் நம்பினேன். வெற்றி கிடைத்த கையோடு, இனி சமுதாயத்துக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நமக்கு ஓர் உற்சாகம் வந்தது. ஒரு கூட்டத்தில் யாரோ இனாம் பேச்சை எடுத்தார்கள். ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் காலணாவுக்குப் பல்லைக் காட்டுவதா, சுதந்திரம் கேட்கிற நாட்டில் இப்படியொரு வழக்கமா என்று பேச்சு சூடு பிடித்தது. நான் எழுந்து ஐந்து நிமிஷம் பேசினேன். இனாம் என்பது கொடுக்கிறவனையும் கெடுத்து வாங்குகிறவனையும் கெடுக்கிறது என்றேன். கை தட்டினீர்கள். நாம் தினமும் சாப்பிடுகிற கிளப்பிலேயே ஆரம்பிப்பது என்று தீர்மானம் ஆயிற்று.

செல்லையா பல்லைக் காட்டி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பேசும்போது அது நினைவுக்கு வரவில்லை.

மனுவின் நகலைக் கிளப்பில் வைத்துத்தான் வாசித்தோம். நாலு பேர் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தோம். அதில் இரண்டு பத்தி. முதல் பத்தி, கிளப்பில் இனாம் கொடுப்பதையும் வாங்குவதையும் நிறுத்த வேண்டும் என்பது. இரண்டாம் பத்தி, அதனால் சர்வர்களுக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு ஈடாக அவர்கள் சம்பளத்தை இரண்டு மடங்காக்க வேண்டும் என்பது. நான் வாசித்துக்கொண்டிருக்கையில் செல்லையா காபி கொண்டுவந்து வைத்தார். இரண்டாம் பத்தி முடிகிறவரை டம்ளர்களை அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டு நின்றார். எங்களில் ஒருவர், "என்ன செல்லையா, சந்தோஷந்தானே?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டுப் போனார். அவரிடம் நாம் கேட்டது அவ்வளவுதான்.

மறுநாள் நான் மட்டும் மனுவை எடுத்துக்கொண்டு கிளப் முதலாளியைப் பார்க்கப் போனேன். அவர் கெட்டவர் அல்ல. வியாபாரி. முதல் பத்தியை வாசித்ததும் முகம் மலர்ந்தது. சர்வர்கள் இனாம் கொடுக்கிறவர்களை ஒருவிதமாகவும் கொடுக்காதவர்களை ஒருவிதமாகவும் கவனிப்பதாக அவருக்கும் புகார் வருகிறதாம். இரண்டாம் பத்திக்கு வந்ததும் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். அரிசி விற்கிற விலையில் இது எப்படி முடியும், யுத்தம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். "முதல்ல சொன்னத நாளைக்கே செஞ்சிருதேன். ரெண்டாவதையும் சேத்துக் கேட்டா ரெண்டும் நடக்காது சார். பாத்துக்கிடுங்க" என்றார்.

நான் கொஞ்ச நேரம் யோசித்ததாக எனக்கு நினைவு. எவ்வளவு நேரம் என்று நேர்மையாகச் சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலம் சங்கக் கூட்டம் இருந்தது. வெறுங்கையோடு போக எனக்கு மனசில்லை. என் பேனாவை எடுத்து இரண்டாம் பத்தியின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். முதலாளி கையெழுத்துப் போட்டார். விதி என்றால் மீறினால் என்ன என்பதும் இருக்கவேண்டுமே என்று அவர் கேட்டபோது, மனு எழுதுகிறவனுடைய கெட்டிக்காரத்தனத்தில், அந்த வாசகத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன்: "இனாம் வாங்கும் சர்வர் உடனே வேலையிலிருந்து நீக்கப்படுவார்." கொடுக்கிறவருக்கு என்ன தண்டனை என்று நானும் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை.

கூட்டத்தில் இனாம் ஒழிந்தது என்று அறிவித்தேன். இரண்டாம் பத்தியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒருவராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததற்காக உள்ளூர நன்றியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரமே கல்லாவுக்கு மேலே பலகை ஏறியது. நீல எழுத்தில் என் வாசகம். அதே வாரம் காபி விலையில் காலணா கூடியது. இனாம் நின்றுவிட்டதால் நமக்கு மொத்தத்தில் ஒன்றுதான், சர்வர் கைக்குப் போன காலணா கல்லாவுக்குப் போகிறது, அதுதான் வித்தியாசம். இந்தக் கணக்கை நாலாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். பஞ்சப்படிக்குக் கணக்குப் போட்டுக் கம்பெனிகளை மடக்கிய நமக்கு அது தோன்றவில்லை.

அதற்குப் பிறகு மணியார்டர் பாரம் என் மேஜைக்கு வரவில்லை. வேறு யாரையோ வைத்து எழுதிக்கொள்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் மனத்தாங்கல்கூட இருந்தது, மூன்று வருஷம் எழுதிக் கொடுத்தவனை மறந்துவிட்டாரே என்று. செல்லையா எப்போதும்போலத்தான் இருந்தார். ஆனால் சாயங்கால டிபனுக்கு வரும்போது நடை தளர்ந்திருக்கும். இரண்டு தடவை ஆர்டரை மாற்றிக் கொண்டுவந்தார். பத்து வருஷத்தில் நடக்காத காரியம். வயசாகிறது என்று நமக்குள் பேசிக்கொண்டோம்.

ஒருநாள் அவர் சட்னி விடும்போது அவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பாகச் சதை தெரிந்தது. விரலிடுக்குகளில் வெள்ளை வெள்ளையாகப் புண். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். என்ன ஆயிற்று என்று நான் அவரைக் கேட்கவில்லை. எழுந்து கல்லாவுக்குப் போய், "கையில் புண்ணோடு பரிமாறுகிறார், கொஞ்சம் கவனியுங்கள்" என்று முதலாளியிடம் சொன்னேன். சுகாதாரத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சேர்த்தும் சொன்னேன்.

மறுநாளிலிருந்து செல்லையாவைக் காணவில்லை. நாலைந்து நாள் கழித்துச் சரக்கு மாஸ்டரிடம் விசாரித்தேன். கிளப்பில் பலகாரங்களுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். வயதானவர், யாருக்கும் பயப்படாதவர். அவர் அடுப்படிக்குப் பின்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கை ஆறுத வரைக்கும் வராதேன்னு முதலாளி அனுப்பிட்டாரு. வராத நாளுக்குச் சம்பளம் கெடையாது. அந்தப் புண்ணு எதனால வந்திச்சுன்னு தெரியுமாவே ஒமக்கு?"

தெரியாது என்றேன்.

அவர்தான் எல்லாவற்றையும் சொன்னார். பலகை ஏறிய மாதத்திலிருந்து செல்லையாவின் வருமானம் எட்டு ரூபாய். ஊருக்கு அனுப்புவதற்காக, மத்தியானச் சாப்பாடு முடிந்து சாயங்கால டிபன் தொடங்குகிற வரையில் உள்ள மூன்று மணி நேரமும் உப்பு ஏற்றுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். உப்பளத்திலிருந்து வருகிற ஈர உப்பை மூட்டை பிடித்துத் தோணியில் ஏற்றுகிற வேலை. பழகிய கைக்கே உப்புத் தண்ணீர் அறுக்கும். பத்து வருஷம் டவரா பிடித்த கை அவருடையது. உப்பேற்றிவிட்டு வந்து, நல்ல தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு நமக்குப் பரிமாறினார். அப்படியும் பணம் பற்றவில்லை. ஊரில் மகளின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோய், அவள் பருத்தி எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"இனாம் வாங்குததுதான் கேவலம்னு நீரு கூட்டத்துல பேசினீராமே" என்றார் மாஸ்டர். வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து, கை ஓரளவு ஆறிச் செல்லையா வேலைக்குத் திரும்பினார். அந்த இரண்டு வாரத்தில் நான் செய்திருக்க வேண்டியது என்ன என்பது எனக்கு நன்றாகவே தெரியும். சங்கத்தைக் கூட்டி, நடந்ததைச் சொல்லி, இரண்டாம் பத்தியை மறுபடி எழுதி, எல்லோருமாக முதலாளியிடம் போயிருக்க வேண்டும். நூறு குமாஸ்தாக்கள் கிளப்புக்கு வரமாட்டோம் என்று சொன்னால் அவர் வழிக்கு வந்திருப்பார். அதைச் செய்ய வேண்டுமானால் கோடு போட்டவன் நான் என்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. யாருக்கும் தெரியாமல் சரிக்கட்ட ஒரு வழி கண்டுபிடித்தேன்.

செல்லையா திரும்பி வந்த முதல் நாள், என் இலையை எடுக்கக் குனிந்தபோது, ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றை மடித்து அவர் சட்டைப் பைக்குள் திணித்தேன். அவர் பதறிப்போய், "வேண்டாம் சார், வேண்டாம் சார்" என்று அதைத் திருப்பி எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து மறுபடியும் பைக்குள் தள்ளினேன். அந்த இழுபறியைக் கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துவிட்டார்.

அவர் சத்தம் போடவில்லை. செல்லையாவைக் கூப்பிட்டுப் பலகையைக் கைகாட்டினார். நான் பின்னாலேயே போனேன். அவர் வாங்கவில்லை, நான்தான் கொடுத்தேன் என்று சொன்னேன். "நோட்டு அவன் பையிலதானே சார் இருக்கு" என்றார் முதலாளி. "நீங்க எழுதிக் குடுத்ததுதானே. நாளைக்கு இன்னொருத்தன் வாங்குவான், அவன நான் என்ன சொல்ல?"

நீங்கள் பத்துப் பேராவது அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். எல்லோரும் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தீர்கள். அந்தப் பலகைக்காரனே ரகசியமாக இனாம் கொடுத்துப் பிடிபட்டு நிற்கிறான். அப்போதுகூட நான் பேசியிருக்கலாம். இரண்டாம் பத்தியை நினைவிருக்கிறதா என்று முதலாளியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அதை அடித்தது யார் என்று அவர் சொல்லுவார். நான் வாயைத் திறக்கவில்லை. செல்லையா நோட்டை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாடியிலிருந்த தன் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். வாசலில் நின்றிருந்த என்னைக் கடக்கும்போது, "நீங்க வெசனப்படாதிய சார்" என்றார். வேலை போனது அவருக்கு, ஆறுதல் எனக்கு.

அதன் பிறகு அவர் கொழும்புத் தோணி ஒன்றில் பண்டாரியாக, அதாவது தோணிக்காரர்களுக்குச் சமைத்துப் போடுகிறவராகச் சேர்ந்தார். கடலில் போயறியாத கரிசல்காட்டு மனிதர். முதல் இரண்டு நடையும் வாந்தியிலேயே கழிந்ததாம். யுத்தம் முடிந்தபின் பெண்டாட்டியையும் மகளையும் அழைத்துக்கொண்டு திரேஸ்புரத்தில், மீன் ஏலம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு டீக்கடை போட்டார். மகளை அங்கேயே ஒரு நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார். கடை ஓரளவு நடந்தது. முதலாளி சொன்னபடி யுத்தம் முடிந்ததும் சர்வர்களுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்தாரா என்றால், இல்லை. கிளப்பையே விற்றுவிட்டுப் போனார்.

கடை போட்டு ஏழெட்டு மாதம் கழித்துத்தான் நான் அங்கே போனேன். என்னைக் கண்டதும் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்தார். கைகள் ஆறியிருந்தன, தழும்பு மட்டும் இருந்தது. பேச்சு எப்படியோ கிளப்பைத் தொட்டது. நான் எதையோ சொல்ல வாயெடுத்து, இனாம் வாங்குவது மனசுக்குக் கஷ்டமாக இருந்ததில்லையா என்று கேட்டுவைத்தேன். என் பக்கத்தில் ஏதாவது நியாயம் மிஞ்சுமா என்று பார்ப்பதற்கான கேள்வி அது.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "சம்பளம் மொதலாளி குடுக்கது, இனாம் நீங்க குடுக்கது. ரெண்டும் நாங்க நடந்த நடைக்குத்தானே சார். எனக்கு அதுல வித்தியாசம் தெரியல." டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "நீங்க நல்லதுதான் நெனச்சிய. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. மழை பெய்திருக்கலாம் என்பதுபோலச் சொன்னார்.

இரண்டாம் பத்தியைப் பற்றி அன்றே சொல்லிவிடுவதென்றுதான் போயிருந்தேன். சொல்லவில்லை. பிறகு நாலைந்து முறை போனேன். ஒவ்வொரு முறையும் கடையில் ஆள் இருந்தது, அல்லது ஆள் இருப்பதாக எனக்குப் பட்டது.

தண்டல் செய்தி சொன்ன அன்று சாயங்காலம் திரேஸ்புரம் போனேன். கடை சாத்தியிருந்தது. பின்பக்கம்தான் வீடு. செல்லையாவின் மனைவி பேச்சியம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள். கடையில் டீ கொடுத்திருக்கிறாரே தவிர நான் யாரென்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. இன்ன கம்பெனி குமாஸ்தா, பழைய கிளப்பில் பழக்கம் என்றேன். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"மனு எழுதுன சார் நீங்கதானா? சர்வருக்கெல்லாம் ரெண்டு பங்கு சம்பளம் குடுக்கணும்னு எழுதிக் குடுத்தியளாமே. அவிய காதால கேட்டதா சொல்லுவாவ. மொதலாளிதான் மாட்டேன்னுட்டாராம். எங்களுக்காகவும் ஒருத்தர் கேட்டாருன்னு அடிக்கடி சொல்லுவாவ" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மகளும் எழுந்து கும்பிட்டாள்.

நானும் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த இரண்டு கும்பிடையும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். நான் அடித்துவிட்ட வரிகளை ஒரு மனிதர் அத்தனை வருஷம் நல்ல வார்த்தையாக வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். உப்பு மூட்டை தூக்குகையிலும், தோணியில் வாந்தியெடுக்கையிலும், நமக்காகக் கேட்டவர் ஒருவர் உண்டு என்று நினைத்திருக்கிறார். இதுவரை கூலி பறிபோனதுதான் அவருக்கு நான் செய்த தீங்கு என்று நினைத்திருந்தேன். அவர் நன்றியையும் பொய்யாக வாங்கியிருக்கிறேன்.

பதினாறாம் நாள் மறுபடி போனேன். காரியம் முடிந்து, வந்தவர்கள் கலைகிற நேரம். பேச்சியம்மாளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். மகளும் இருக்கட்டும் என்றார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் பத்தியின் குறுக்கே கோடு போட்டது, தண்டனை வாசகம் எழுதியது, கையில் புண் என்று புகார் சொன்னது. எதையும் விடவில்லை. மகள் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வேறெங்கோ பார்த்தாள். பருத்தி எடுக்கப் போன நாட்கள் அவளுக்கு நினைவு வந்திருக்கும்.

பேச்சியம்மாள் அழவில்லை. "இத அவிய இருக்கையில சொல்லியிருக்கணும் நீங்க" என்றார். பிறகு, "எனக்கு இதக் கேட்டு இனிமே என்ன செய்ய?" என்றார். அதற்குமேல் நான் அங்கே நிற்க ஒன்றுமில்லை. மகள் தாயை எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். யாரும் என்னைப் போய்வாருங்கள் என்று சொல்லவில்லை. சொல்லாதது சரி.

செல்லையாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று சொல்லி முடிப்பதுதான் வழக்கம். அவருடைய பொறுமை என்றோ பெருந்தன்மை என்றோ எழுதலாம். அவை அவருடையவை, அவற்றில் எனக்குப் பங்கில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். அவர் கண்டனமாகச் சொல்லாவிட்டாலும் எனக்கு அது கண்டனம்தான்.

போன மாதம் நடந்த கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஆபீஸ்களில் வேலை செய்கிற பியூன்களின் நன்மைக்காக என்று ஒரு தீர்மானம் தயாராகி வந்தது. சீருடையும் தொப்பியும் கேட்டு நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அவர்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று நான் கேட்டேன். சிலருக்கு என்மேல் எரிச்சல். கூட்டம் அரைமணி நேரம் தள்ளிப்போனது. வாசலில் இருந்த இரண்டு பியூன்களைக் கூப்பிட்டோம். நாற்காலி போட்டும் அவர்கள் உட்காரவில்லை. சுவரை ஒட்டி நின்றுகொண்டே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். காய்ச்சலில் படுத்தால் அந்த நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருந்தால் போதும் என்றார்கள். தீர்மானத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

அதை எழுதிச் சேர்த்தோம். இந்த முறை பேனா என் கையில் இல்லை, பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டேன்.